தூங்கவிடாத சரக்கு

அந்த லாரி ஷெட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரெல்லாம் லைசென்ஸ் அட்டையோடு சட்டைப் பைக்குள் போய்விடும். கண்டெய்னர் ஓட்டுகிறவர் பெட்டி. கட்டடக் கம்பி ஏற்றுகிறவர் கம்பி. ஆடு ஏற்றுகிறவரை ஆடு என்றே கூப்பிடுவார்கள், அவரும் இருபது வருஷமாக "என்னப்பா?" என்று திரும்பிக்கொண்டிருக்கிறார். பால் டேங்கர் ஓட்டுகிற பெண் பால். யாருக்கு எந்த வண்டி என்று சுவரிலிருக்கும் கரும்பலகையில் எழுதிப்போடுகிற மேலாளர் பலகை. "பால் கிளம்பியாச்சா? ஆடு பஞ்சராகி நிக்குதாம்ல?" என்று அவர் ஃபோனில் கத்துவதை வெளியாள் யாராவது கேட்டால் மனிதருக்கு முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

எந்தச் சரக்கு என்று இன்னும் முடிவாகாதவனுக்குப் பெயர் புதுசு. நாற்பத்து மூன்று வயது, காதோரம் நரை, கல்லூரிக்குப் போய்விட்ட ஒரு மகள், இத்தனையும் இருக்கிற ஆளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பதினெட்டு வருஷம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். ஒரு வெள்ளிக்கிழமை கிடங்கை மூடினார்கள், சாவியை வாங்கிக்கொண்டு கைகுலுக்கி அனுப்பினார்கள். அப்புறம் நான்கு மாதம் கனரக வண்டிப் பயிற்சி. மகள் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் ஒரு தடவையில் பின்னால் எடுத்து நிறுத்திய வண்டியை ஒன்பது தடவையில் நிறுத்தி, எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டான். இந்த ஷெட்டில் மூன்று வாரம் மூன்று விதமான வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். கடைசியில் எந்தச் சரக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் இரண்டு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் மனப்பாடம். எதில் ஞாயிற்றுக்கிழமை வீடு? எதில் ஏற்றி இறக்குகிற வேலை இல்லை? எதில் நல்ல ரோடு? கேட்காவிட்டாலும் டீக்கடையில் பதில் சொல்ல ஆள் இருந்தது. ஓசியில் கிடைப்பது உலகத்தில் அறிவுரை ஒன்றுதானே. புதுசுக்கும் ஒரு கேள்வி இருந்தது, அதை மட்டும் அவனால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. எந்தச் சரக்கு தூங்கவிடாது?

விஷயம் இதுதான். அவனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். குறட்டை ஓங்கி ஏறும், ஏறிக்கொண்டே போய் பட்டென்று அறுந்துவிடும். பிறகு சத்தமே இருக்காது. பத்து எண்ணலாம், இருபதுகூட எண்ணலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி உலுக்கினால்தான் கிணற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறவனைப் போல ஓர் இழு இழுத்து மறுபடி மூச்சு வரும். ஒரு ராத்திரிக்கு ஒரு தடவை நடக்கிற கூத்து இல்லை இது. எட்டு மணி நேரம் படுத்த உடம்பு விடியும்போது எட்டு மணி நேரம் மூட்டை தூக்கிய உடம்பாக எழுந்திருக்கும். ராத்திரி வராத தூக்கம் பகலில் ஆளைத் தேடிக்கொண்டு வரும். முக்கியமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு, முக்கியமாக உட்கார்ந்திருக்கும்போது.

லைசென்ஸுக்குச் சான்று கொடுத்த டாக்டர் "வியாதி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றான். அது பொய் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. தூக்கம் ஒரு வியாதியா என்ன? உலகத்தில் பாதிப் பேர் அது வரவில்லை என்றல்லவா மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

முதல் வாரம் பெட்டி. ஐம்பதைத் தாண்டிய ஆள், தொப்பை ஸ்டீயரிங்கில் இடிக்கும். தன் சரக்கைப் பற்றி அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. சீல் வச்சுக் குடுக்கறான், சீலோட இறக்கறேன். பஞ்சோ பாத்திரமோ எவன் கண்டான்? ஆடாது, அசையாது, ஒரு வார்த்தை பேசாது. மாமியார் இப்படி அமைஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!"

மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான், வீட்டுக்காரி முகம் மறந்துபோகும், ஆனால் வேலை சுகம் என்றார். சுகம் என்றால் என்ன என்று நான்காம் நாள் புதுசு தெரிந்துகொண்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டியை அவன் கையில் கொடுத்தார். "நேரா போ. ரோடு திரும்பினா நீயும் திரும்பு" என்று சொல்லிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். ரோடு திரும்பவே இல்லை. தார் ஒரே மட்டமாக, வண்டி ஒரே சத்தமாக, வெயில் ஒரே வெயிலாக இருந்தது.

டர்ர்ர் என்று கேட்டதும் கண் திறந்தது. ரோட்டோரக் கோட்டில் மேடு மேடாகப் போட்டிருப்பார்களே, அதன்மேல் சக்கரம் ஏறியிருந்தது. எதிரில், அதே ஓரத்தில், டிக்கியைத் திறந்து வைத்த ஒரு சின்னக் கார் நின்றது. அதன் பின்சக்கரத்தருகே ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய நீலச் சட்டை முதுகு மட்டும்தான் தெரிந்தது. புதுசு ஸ்டீயரிங்கை இழுத்தான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, குலுங்கி, நிமிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அந்த ஆள் ஸ்பேனரோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான், கத்தக்கூட அவனுக்கு நேரம் கிடைத்திருக்காது.

பெட்டி துண்டை விலக்கி, "என்ன, பள்ளமா?" என்றார்.

"ஆமாண்ணே. பள்ளம்."

"பாத்துப் போப்பா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அதுவும் அடுத்தவன் தலைக்கு. வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பான் என்று நீங்களும் நானும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லலாம், சொல்வதில் என்ன கஷ்டம்? நாற்பத்து மூன்று வயதில் இரண்டாவது தடவையாக ஒரு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறவனுக்கு அல்லவா தெரியும். அன்று மாலை மனைவி "எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் போச்சு" என்றான். ராத்திரி முழுக்க அந்த நீல முதுகு கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பயத்தில் யோசிக்கிறவன் தனக்கு வேண்டியபடிதான் யோசிப்பான். தப்பு தன் மேல் இல்லை, சரக்கின் மேல் என்று அவன் கண்டுபிடித்தான். அசையாத சரக்குதானே தாலாட்டித் தூங்க வைத்தது? அசைகிற சரக்கு, கத்துகிற சரக்கு, உயிருள்ள சரக்காக எடுத்துக்கொண்டால் போயிற்று.

இரண்டாவது வாரம் ஆடு. இரண்டு தட்டு வைத்த வண்டியில் நூற்றிருபது உருப்படி. வண்டி நகர்ந்த நிமிஷத்திலிருந்து நூற்றிருபதும் ஒரே குரலில் ஒப்பாரி வைத்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாற்றம் மூக்கு வழியாக மூளைக்கே போயிற்று. புதுசுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் களேபரத்தில் எவனால் தூங்க முடியும்?

"இந்தச் சத்தத்துல எப்படிண்ணே வருஷக்கணக்கா ஓட்டறீங்க?" என்று கேட்டான்.

"எந்தச் சத்தம்?" என்றார் ஆடு.

"இதுங்க கத்தறது."

"ஓ, அதைக் கேக்கறியா?" என்று அவர் காதைக் குடைந்துகொண்டார். "அது நின்னாத்தாம்பா எனக்கு முழிப்பே வரும். லீவு நாள்ல வீட்டுல படுத்தா பொட்டுத் தூக்கம் கிடையாது. என் பொண்டாட்டி பாவம், ஆட்டுச் சத்தத்தை ஃபோன்ல பிடிச்சு வச்சுத் தலைமாட்டுல போட்டு விடறா."

புதுசு சிரித்தான். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு போய்விட்டது. அந்த ஒப்பாரி அவனுக்கும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், அது எங்கேயோ தூரத்தில் கேட்கிற சத்தமாகி, நன்றாகக்கூட இருந்தது. அவன் தொடையைக் கிள்ளினான். ஐஸ் கட்டியை வாங்கி வாயில் அடக்கினான். தானே தன் கன்னத்தில் அறைந்துகொண்டதை ஆடு பார்த்துவிட்டு, "கொசுவா?" என்று கேட்டார். சனிக்கிழமை குளிக்கும்போது பார்த்தால் வலது தொடை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் பால். இருபத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு. இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். வாய் மட்டும் டேங்கர் அளவு. அவனை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே விரட்டி வேலை வாங்கினாள்.

காலையில் பண்ணையில் டேங்க் நிறையப் பால் பிடிப்பார்கள். முதல் ஆலையில் பாதியை இறக்கிவிட்டு, மீதிப் பாதியோடு மூன்று மணி நேரம் ஓட்டி இரண்டாவது ஆலைக்குப் போக வேண்டும். அங்கே இறக்கி, டேங்கை வெந்நீரில் கழுவி வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். முதல் ஆலையை விட்டுக் கிளம்பியதும் சாவியை அவனிடம் கொடுத்தாள்.

"இனிமேதாண்ணே இருக்கு கஷ்டம். கத்துக்கறவங்க பாதி டேங்க்லதான் கத்துக்கணும்."

"நெறைய இருக்கறதுதான கஷ்டம்?"

"நிறைகுடம் தளும்பாதுன்னு படிச்சதே இல்லையா நீங்க? நாமெல்லாம் அதைப் பரீட்சையில எழுதிட்டு மறந்துட்டோம், டேங்கருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்பி இருந்தா வண்டி பாறை மாதிரி போகும். பாதி இருந்தா கூத்தாடும். உள்ள தடுப்பு ஒண்ணும் கிடையாது. தடுப்பு வச்சா மூலையில பால் தங்கிப் புளிச்சுடும்."

அவள் சொன்னதன் அர்த்தம் முதல் சிக்னலில் புரிந்தது. பிரேக் போட்டான், வண்டி கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. நின்றுவிட்டதே என்று காலைத் தளர்த்தினான். பின்னாலிருந்து யாரோ பிடரியில் கைவைத்துத் தள்ளியது போல வண்டி ஒரு கஜம் முன்னால் பாய்ந்தது. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் குடையால் வண்டி முகப்பில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுப் போனார்.

"வண்டிதாண்ணே நின்னுச்சு" என்றாள் பால். "பால் இன்னும் நிக்கல. அது போய் முட்டித் திரும்பி வர்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

அந்த மூன்று மணி நேரமும் அப்படித்தான். வேகம் குறைத்தால் முன்னால் தள்ளியது, கியர் மாற்றினால் பின்னால் இழுத்தது, வளைவில் பக்கவாட்டில் இடித்தது. முதுகுத்தண்டு முழுக்க விழித்துக்கொண்டு அடுத்த இடிக்குக் காத்திருந்தது. இரண்டாவது ஆலை வாசலில் இறங்கியபோது சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கொட்டாவிகூட வந்திருக்கவில்லை. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. கிடைத்துவிட்டது, தூங்கவிடாத சரக்கு கிடைத்தேவிட்டது!

திரும்பும்போது பால் ஓட்டினாள். ஆறு நாளும் இதே கணக்குதான். நிறைந்த டேங்கை அவள் ஓட்டுவாள், பாதி டேங்கை அவன் ஓட்டுவான், காலி டேங்கை அவள் ஓட்டுவாள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவன் வாய் ஓயாமல் பேசினான். கிடங்கு மூடியதிலிருந்து அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. பால் தள்ளுகிற விதத்தை நாற்காலியில் உட்கார்ந்து நடித்தே காட்டினான். அவளும் சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பலகையின் மேசை முன்னால் போய் நின்று, "பால்" என்றான்.

"எல்லாரும் பெட்டி கேப்பாங்க. நீ என்னய்யா வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கற?" என்று பலகை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்த்துவிட்டு நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். "திங்கக்கிழமை கொண்டா. கடைசிப் பக்கம் மட்டும் உன் வீட்டுக்காரம்மா எழுதணும். நீ எழுதிடாத, கையெழுத்தப் பாத்தா எனக்குத் தெரியும்."

"அவ எதுக்கு?"

"டாக்டர் முழிச்சிருக்கற ஆளைத்தான பாக்கறாரு? தூங்கற ஆளைப் பாத்தவங்க வீட்டுலதான இருக்காங்க."

கடைசிப் பக்கத்தில் மூன்றே கேள்விகள். வண்டி ஓட்டுபவர் உறக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவாரா? உறக்கத்தில் மூச்சு தடைபடுவது உண்டா? உண்டு எனில், ஓர் இரவில் எத்தனை முறை? கீழே, உடன் உறங்குபவர் கையொப்பம் என்று ஒரு கோடு. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தான். படித்து முடிப்பதற்குள் தூங்கிப்போய், ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினான்.

மனைவி ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வந்தாள். அவளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. ஓடுகிற பெல்ட்டில் மாத்திரைப் பட்டைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எந்தப் பட்டையில் ஒரு குழி காலியாக இருக்கிறது என்று பார்த்து எடுத்துப் போட வேண்டும். வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வயசாகுதுல்ல என்று சொல்லி அவன் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"பால்தான்னு சொல்லிட்டேன்" என்றான். "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

எதையும் படிக்காமல் போடுகிறவள் இல்லை அவள். காலிக் குழி தேடியே பழகிய கண். கடைசிப் பக்கத்தை மெதுவாகப் படித்தாள்.

"மூச்சு தடைபடுவது உண்டான்னு கேட்டிருக்கு. என்ன போடறது?"

"இல்லன்னு போடு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பால் தூங்கவிடாதுன்னு சொன்னேன்ல?" என்றான். "அந்த மூணு மணி நேரத்துல ஒரு கொட்டாவிகூட வரல எனக்கு. பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே இருக்கும்."

"கிளம்பும்போதே தள்ளுமா?"

"கிளம்பும்போது ரொம்பி இருக்கும். ரொம்பி இருந்தா தள்ளாது."

"அப்ப யாரு ஓட்டறா?"

"அந்தப் பொண்ணு."

"திரும்பி வரும்போது?"

"வரும்போது காலி. கழுவி விட்டுடுவாங்க."

"அதையும் அந்தப் பொண்ணுதானா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல உக்காந்து வருவேன்."

"செவ்வாக்கிழமை நீங்கதான் சொன்னீங்க. வரும்போது மூணு மணி நேரமும் கும்பகர்ணன் மாதிரி தூங்கினேன், சொர்க்கம்னு." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வண்டியத் தனியா குடுத்தாங்கன்னா காலி டேங்க்ல உங்களை எதுங்க தள்ளும்?"

லாரி ஷெட்டில் இருபது பேர் இருந்தும் யாருக்கும் தோன்றாத கேள்வி. சரக்கைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள், இறக்கிவிட்டுக் காலியாக வருகிற பாதி வழியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எந்தச் சரக்கை எடுத்தாலும் ஒருநாள் இறக்கித்தானே ஆக வேண்டும். மூன்று வாரமாக அவன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டின் அடிக்கல்லை அவள் வாளியில் காலை நனைத்துக்கொண்டே உருவிவிட்டாள். அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. உண்மையைச் சொன்னவர் மேல்தானே வரும்.

"நாலு மாசம்!" என்று கத்தினான். "சின்னப் பசங்களோட உக்காந்து, அவனுங்க சிரிச்சதுக்கெல்லாம் நானும் சிரிச்சு, நாலு மாசம்! ஒரு கட்டத்துல ஒரு கோடு போடறதுல உனக்கு என்ன போச்சு?"

"நாற்காலி போச்சு" என்றாள்.

"என்னது?"

"என் நாற்காலி. அஞ்சு மாசமாச்சு எடுத்து." அவள் வாளித் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "பெல்ட்டு முன்னாடி உக்காந்தபடியே தூங்கிட்டேன். மாத்திரை இல்லாத பட்டை ஆறு என் கையைத் தாண்டிப் போயிடுச்சாம். வேலைய விட்டு எடுக்கல, நாற்காலிய மட்டும் எடுத்துட்டாங்க. இப்ப நின்னுக்கிட்டுதான் பாக்கறேன், எட்டு மணி நேரம். நின்னாலும் வருதுங்க. போன வாரம் அப்படியே பெல்ட்டு மேல சாஞ்சுட்டேன், பக்கத்துல இருந்தவ பிடிச்சுக்கிட்டா."

அவன் அவளுடைய கணுக்காலைப் பார்த்தான். வாங்கிக் கொடுத்த தைலம் ஜன்னல் கட்டையில் பாதி தீர்ந்து நின்றது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? தூங்காம இருப்பீங்களா?" என்றாள். "உங்க மூச்சு நின்னா நான் முழிச்சுக்கறேன். வந்துட்டா, மறுபடி எப்ப நிக்குமோன்னு முழிச்சே கிடக்கறேன். இது எத்தனை வருஷமா நடக்குதுன்னு எனக்கே தெரியல."

படிவத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. பெட்டி எடுத்தா மாசத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டேன்னு சொன்னீங்க இல்ல? அன்னைக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. பாதி நாளாவது தூங்கலாமேன்னு. அதுக்காகவே இல்லன்னு போட்டுடலாமான்னு இப்பக்கூடத் தோணுது. கை வரமாட்டேங்குது. இங்கன்னா பக்கத்துல நான் இருக்கேன். அங்க உங்களை உலுக்க யாருங்க இருக்கா?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிற சத்தம்கூட அவளுக்கு அரைத் தூக்கத்தில்தான் வந்தது.

அவன் தரையில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நீலச் சட்டைக்காரனைப் பற்றிச் சொன்னான். எதையும் குறைக்காமல், பள்ளம் என்று சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னான். முகம் பார்க்காத ஒருவனின் முதுகு இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தன்னோடு பஸ்ஸில் வருகிறது, சாப்பிட உட்காருகிறது என்று சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது, ஓடவில்லை.

அவள் திட்டவில்லை. படிவத்தை மடியில் வைத்து, முதல் கேள்விக்கு ஆம் போட்டாள். இரண்டாவதற்கும் ஆம். எத்தனை முறை என்ற இடத்தில் பேனாவை வைத்து யோசித்துவிட்டு, 'எண்ணி முடிந்ததில்லை' என்று எழுதி, கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். திங்கட்கிழமை பலகை இதைப் படிப்பார், அத்தோடு வண்டி கிடையாது. டாக்டர், பரிசோதனை, மூக்கில் மாட்டுகிற ஏதோ கருவி என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் போவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் மடித்து வைத்தான்.

"நீ போய்ப் படு" என்றான்.

"இப்பவா? மணி ஆறுகூட ஆகல. சாப்பாடு..."

"நான் பாத்துக்கறேன். நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

"நீங்களா?" அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்."

"போறேனா இல்லையான்னு பாரு."

அவள் காலைத் துடைத்துக்கொண்டு படுத்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, அவனுக்குரிய பாதியை வழக்கம்போலக் காலியாக விட்டுக்கொண்டு படுத்தாள். கேட்க வந்த எதையோ பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவன் ஜன்னலை மூடினான். உட்கார்ந்தால் தன் கதை தெரிந்ததுதான் என்று கட்டில் காலருகே நின்றுகொண்டான். இருபது வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவள் தூங்கி அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும் என்பதோ, கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும் என்பதோ அவனுக்குத் தெரியாது. தூங்கும்போது அவள் இன்னும் களைத்துப்போனவளாகத் தெரிந்தாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். அவனுக்கும் கண் சொருக ஆரம்பித்திருந்தது. அப்போது அவளுடைய வலது கை மெல்லக் கிளம்பியது. கண் திறக்கவில்லை, உடம்பு அசையவில்லை, கை மட்டும் அவன் படுக்கிற பக்கத்துக்கு நகர்ந்தது. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்து, வெறும் விரிப்பை இரண்டு தடவை உலுக்கியது. கொஞ்சம் காத்திருந்தது. மறுபடி உலுக்கியது, இந்தத் தடவை வேகமாக. அவள் புருவம் சுருங்கியது, தோள் அசைந்தது. இன்னும் ஒரு நொடி போனால் பதறி எழுந்துவிடுவாள்.

அவன் சட்டென்று கட்டிலோரம் வந்து குனிந்து, அவள் காதில் விழும்படி மூச்சை இழுத்து விட்டான், சத்தமாக. மறுபடி இழுத்து விட்டான். மறுபடியும். உலுக்கிய கை நின்றது, விரல்கள் தளர்ந்து விரிப்பில் படிந்தன. புருவச் சுருக்கம் மெல்ல மெல்லக் கலைந்தது. அவன் நிறுத்தவில்லை. ஒன்று தப்பாமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, குனிந்தபடியே நின்றான்.